மருந்தா, மதிலா?

கொழும்பு நகருக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் உள்ளது ஹெந்தளை. அங்கே 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையை அமைத்தனர். வைத்தியசாலை என்று பெயர் இருந்ததேயன்றி, இந்நோயைத் தீர்க்கும் வைத்தியம் எதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை. நோயாளரை ஊராரிடமிருந்து பிரித்து வைப்பதே அதன் நோக்கம். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1901ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி அவ்வேற்பாட்டை வலுப்படுத்தினர். தாயைப் பிள்ளையிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்த இந்த ஏற்பாடு, நோயாளி வீட்டில் இருப்பின் வீட்டார்க்கு ஆபத்து, மதிலுக்குள் இருப்பின் ஆபத்தில்லை என்னும் ஓர் எண்ணத்தின்மேல் நின்றது. அவ்வெண்ணம் நியாயமானதாகவே தோன்றியது. ஆயினும், நியாயமாகத் தோன்றுவது வேறு, சோதனையில் தேறுவது வேறு.

மருந்தின் கதையும் இத்தகையதே. நீரடிமுத்து எண்ணெயும் அதன் இனத்து எண்ணெய்களும் நெடுங்காலமாகக் கீழை நாடுகளில் தொழுநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டு வைத்தியரும் அவற்றைக் கைக்கொண்டனர். குணமடைந்தோரும் இருந்தனர். அப்படியாயின் அவர்களைக் குணப்படுத்தியது எண்ணெய்தானா?

தடிமன் பிடித்த ஒருவர் மூன்று நாள் மல்லி அவித்துக் குடிக்கிறார். நான்காம் நாள் சுகமடைகிறார். மல்லியைக் குடியாத அடுத்த வீட்டுக்காரரும் அதே நான்காம் நாளில் சுகமடைந்திருந்தால், மல்லிக்கு என்ன பெருமை? (மல்லியைக் குறை கூறுவதாக இல்லத்தரசிகள் கோபிக்க வேண்டாம், வழக்கு இன்னும் விசாரிக்கப்படவில்லை என்பதே இங்குச் சொல்லப்படுவது.) தொழுநோயோ தடிமனிலும் வஞ்சகமானது. சிலரிடத்தில் அது தானாகவே தணியும். சிலரிடத்தில் ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வரும். எண்ணெயின் குமட்டலைத் தாங்க இயலாதவர் சிகிச்சையை விட்டுச் சென்றிருப்பர்; தாங்கும் வலிமையுள்ளவரே எஞ்சியிருப்பர். எஞ்சியோரை மட்டும் எண்ணிப் பார்த்து மருந்தைப் புகழ்வது, தேறியவர்களை மட்டும் நிறுத்திவைத்துப் பள்ளிக்கூடத்தைப் புகழ்வது போலாகும்.

ஆகவே ஒப்பிடுவதற்கு மற்றொரு கூட்டத்தார் வேண்டும். இரு கூட்டத்தாரும் ஆராயப்படும் அந்த ஒன்றைத் தவிர ஏனையவற்றில் ஒத்திருத்தல் வேண்டும். யார் எந்தக் கூட்டத்தில் சேர்வது என்பதை வைத்தியர் தீர்மானித்தால், அவர் அறியாமலே நலிந்தவரை ஒரு பக்கமும் தேறக்கூடியவரை மறுபக்கமும் தள்ளிவிடுவார். எனவே அதனைத் திருவுளச்சீட்டுப் போன்ற தற்செயலிடம் ஒப்படைத்தல் நன்று.

இவ்விலக்கணத்துக்கு மிகச் சிறந்த உதாரணம் அயலிலேயே, சென்னையில் கிடைக்கிறது. நோய் காசநோய், ஆயினும் அதன் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே குலத்தவை, இரண்டையும் பற்றிய அச்சமும் ஒரே வகையானது. காசநோயாளரைச் சானட்டோரியத்தில் வைத்தே குணமாக்க வேண்டும் என்று வைத்திய உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டில், சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார் ஒரு சோதனையைத் தொடங்கினர். நகரின் ஏழை நோயாளர் 193 பேர் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். ஒரு பிரிவினர்க்குச் சானட்டோரியத்தின் ஓய்வும் நல்லுணவும் தாதியர் பராமரிப்பும் கிடைத்தன. மற்றவர்க்கு நெருக்கமான தம் வீடும் எளிய உணவும் அன்றாட உழைப்புமே கதி. ஆண்டு முடிவில் சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி அடங்கிய நிலையை எய்தியிருந்தனர். முடிவு 1959ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நூற்றுக்கு ஆறு என்னும் இவ்வேற்றுமை, இத்தனை சிறிய கூட்டங்களில் தற்செயலாகவும் நேரக்கூடியது. அதனினும் முக்கியமானது வீட்டாரைப் பற்றிய கேள்வி. இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களிடையே நோய் அதிகமாக இல்லை. ஆபத்தின் பெரும்பகுதி, நோய் கண்டறியப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது. காப்பாற்றியது மதில் அன்று, மருந்து.

இந்த விடையை அப்படியே தொழுநோய்க்கும் பொருத்திவிடுதல் தகாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும், அங்கேதான் இடர்ப்பாடு. நோர்வே நாட்டு ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கிருமியைக் கண்டாராயினும், அதனை எவராலும் ஆய்வுகூடக் கண்ணாடிக் குப்பியில் வளர்க்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பொறுமையிழந்த ஹான்சன் 1879ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் கண்ணில், அவளது சம்மதமின்றி, நோய்க் கட்டியிலிருந்து எடுத்ததை ஊசியால் ஏற்றினார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரை வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கியது சரியே. சென்னைச் சோதனையில் எந்த நோயாளிக்கும் மருந்து மறுக்கப்படவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

வழி திறந்தது 1960ஆம் ஆண்டில். அமெரிக்கரான ஷெப்பர்ட், எலியின் பாதத்தில் இக்கிருமி பெருகும் என்று காட்டினார். அதன்பின், மருந்து உண்ட நோயாளியிடமிருந்து கிருமியை எடுத்து எலியில் ஏற்றி, அது உயிரோடு உள்ளதா என்று கேட்க முடிந்தது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் கிருமிகள் எலியில் பெருகும் ஆற்றலை இழந்தன.

இலங்கையில் 1983ஆம் ஆண்டில், ரிஃபாம்பிசினும் வேறு மருந்துகளும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை தொடங்கிற்று. நோயாளர் மாதந்தோறும் மருந்தைப் பெற்றுக்கொண்டு தம் வீட்டிற்கே திரும்பலாயினர். ஹெந்தளையில் எஞ்சியிருந்த முதியோர் பலருக்கோ, திரும்பிப் போவதற்கு வீடு இருக்கவில்லை.