தூய டீசலும் தாவர எண்ணெய்க் கலப்பும்

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ருடால்ஃப் டீசல் வகுத்த முறைப்படி அமைந்த சிறிய எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு இயக்கிக் காட்டப்பட்டது. அது மிகச் சீராக ஓடியதால், எரிவது கடலை எண்ணெய் என்பதை ஒரு சிலரே அறிந்தனர் என்று டீசல் பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே, தாவர எண்ணெயால் எஞ்சின் ஓடுமா என்பது புதிய வினா அன்று. எத்தனை ஆண்டுகள் பழுதின்றி ஓடும், அதன் புகை காற்றை எவ்வளவு கெடுக்கும், அதற்கு வேண்டிய எண்ணெய் எங்கிருந்து வரும் என்பவையே இன்று விடை காண வேண்டிய வினாக்கள்.

முதலில் டீசலின் தூய்மையைக் காண்போம். பூமியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயில் கந்தகம் இயல்பாகவே கலந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்கப்பட்ட டீசலில் ஒரு சதவிகிதம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000 பங்கு வரை, கந்தகம் இருக்கலாம் என்பது விதி. ‘பாரத் நிலை’ எனப்படும் அளவைகள் இதனைப் படிப்படியாகக் குறைத்தன. நாடு முழுவதற்குமான உச்ச வரம்பு 2005இல் 500 பங்கு, 2010இல் 350 பங்கு, 2017 ஏப்ரலில் 50 பங்கு என இறங்கியது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, ஆறாம் நிலை 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 10 பங்காயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் கந்தகம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இதனால் எஞ்சினுக்கு விளைந்த நன்மை என்ன? கந்தகம் எரியும்போது உண்டாகும் வாயுக்கள் நீராவியுடன் சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலம் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரிப்பதோடு, மசகு எண்ணெயின் ஆற்றலையும் விரைவில் குறைத்துவிடுகிறது. இதனினும் முக்கியமான பயன் ஒன்று உண்டு. புகைபோக்கியில் பொருத்தப்படும் வினையூக்கிகளும் கரித்துகள் வடிகட்டியும் கந்தகம் மிகுந்த எரிபொருளில் செம்மையாகச் செயல்பட மாட்டா. நான்காம் நிலையில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம் என்றிருந்தது, ஆறாம் நிலையில் 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் தூய்மையாகாமல் இவ்வரம்பை எட்டியிருக்க முடியாது. எரிபொருளும் எஞ்சினும் இரட்டை மாடுகள் போன்றவை. ஒன்றை மட்டும் விரட்டினால் வண்டி நேராகச் செல்லாது.

ஆயினும் இந்நன்மையோடு ஓர் இடர்ப்பாடும் வந்தது. கந்தகத்தை நீக்கச் சுத்திகரிப்பு ஆலைகளில் டீசல் ஹைட்ரஜனால் பதப்படுத்தப்படுகிறது. அப்போது டீசலுக்கு இயற்கையான வழுவழுப்பைத் தரும் நுண்பொருள்களும் நீங்கிவிடுகின்றன. எரிபொருள் பம்பின் பல உறுப்புகளுக்கு டீசலே மசகாகவும் பயன்படுவதால், வழுவழுப்புக் குறைந்தால் அவை தேய்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாடு கந்தகம் மிகக் குறைந்த டீசலைப் புகுத்தியபோது இத்தகைய பம்புப் பழுதுகள் தோன்றின. ஆதலின், வழுவழுப்புக்கென்று தனி அளவையும், அதைக் காக்கும் சேர்க்கைப் பொருள்களும் இன்றியமையாதவையாயின. இந்த இடத்தில்தான் தாவர எண்ணெய் மீண்டும் பயன்படுகிறது. ஓரிரு சதவிகிதம் உயிரி டீசல் கலந்தாலே இழந்த வழுவழுப்பு பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

உயிரி டீசல் என்பது செக்கிலிருந்து வந்த எண்ணெய் அன்று. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு வரை குழகுழப்பானது. அதை அப்படியே இன்றைய எஞ்சினில் ஊற்றினால், எரிபொருளைத் தூவும் உட்செலுத்திகளின் நுண்துளைகளில் கரி படியும். எனவே எண்ணெயை மெத்தனாலுடன் ஒரு காரப்பொருளின் துணைகொண்டு வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுக்கின்றனர். 100 கிலோ எண்ணெயும் சுமார் 10 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால், ஏறத்தாழ 100 கிலோ உயிரி டீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

இதில் கந்தகம் மிகக் குறைவு. எடையில் பத்து சதவிகிதத்துக்குச் சற்று மேலாக ஆக்சிஜன் இருப்பதால் எரிதல் முழுமையடைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, 20 சதவிகிதக் கலவையில் துகள்கள் சுமார் 10 சதவிகிதமும் கார்பன் மோனாக்சைடு 11 சதவிகிதமும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் 2 சதவிகிதம் கூடின. அவை கனரக எஞ்சின்களில், துகள் வடிகட்டி பரவலாவதற்கு முன் எடுக்கப்பட்ட அளவுகள் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். உயிரி டீசலின் வெப்ப ஆற்றல் டீசலைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. எனினும் 5 சதவிகிதக் கலவையில் இவ்வேறுபாட்டை ஓட்டுநர் உணரமாட்டார்.

எச்சரிக்கைகளும் உள. உயிரி டீசல் நல்ல கரைப்பான். பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டியை அடைத்துவிடும். அடர்ந்த கலவை இயற்கை ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். செம்பும் பித்தளையும் அதன் சிதைவை விரைவுபடுத்தும். ஈரத்தை ஈர்ப்பதால் சேமிப்புத் தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டு. நாட்பட்டால் காற்றோடு கலந்து பிசினாகும். துகள் வடிகட்டி கொண்ட கார்களில் வேறொரு சிக்கலும் உண்டு. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கச் சில எஞ்சின்கள் கூடுதல் எரிபொருளைச் சிலிண்டருக்குள் தூவுகின்றன. அதில் ஒரு பகுதி மசகு எண்ணெயில் கலந்துவிடுகிறது. சாதாரண டீசல் பிறகு ஆவியாகி வெளியேறும். கொதிநிலை உயர்ந்த உயிரி டீசல் பெரும்பாலும் தங்கி மசகை நீர்க்கச் செய்யும். இக்குறைகள் கலப்பின் அளவோடு வளர்பவை. டீசலுக்கான இந்தியத் தர அளவை 7 சதவிகிதம் வரை கலப்பை அனுமதிப்பதற்கும், அதற்கு மேற்பட்ட கலவைக்குத் தனி அளவை இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஆக, தரமான சிறு கலப்பு எஞ்சினுக்குத் தீங்கன்று. 2002 டிசம்பர் 31 அன்று தில்லி–அமிர்தசரஸ் சதாப்தி விரைவு வண்டி 5 சதவிகிதக் கலவையில் ஓடியது. 2004இல், பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கு விதையிலிருந்து தயாரித்த உயிரி டீசலைக் கொண்டு கார்கள் நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கப்பட்டன.

தடை எஞ்சினில் இல்லை, விளைநிலத்தில் இருக்கிறது. 2003இல் திட்டக் கமிஷனின் குழு, காட்டாமணக்கை நம்பி 2011–12க்குள் 20 சதவிகிதக் கலப்பை எட்டலாம் எனப் பரிந்துரைத்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட கொள்முதல் கொள்கை லிட்டருக்கு 25 ரூபாய் விலை வைத்தது. உற்பத்திச் செலவுக்கு அவ்விலை கட்டுப்படியாகவில்லை. தரிசில் நீரின்றி வளரும் செடி உயிர் பிழைக்கும். ஆனால் காய்த்துக் குலுங்காது. இதை நம்பி நட்ட உழவர்கள் பலர் பின்னர் செடியைப் பிடுங்கினர். 2009ஆம் ஆண்டுக் கொள்கை அதே 20 சதவிகிதத்தை 2017க்குத் தள்ளியது. 2018ஆம் ஆண்டுக் கொள்கை 2030க்குள் 5 சதவிகிதம் என இலக்கைச் சுருக்கியது.

அந்த 5 சதவிகிதமும் சிறிதன்று. 2023–24இல் நாட்டின் டீசல் நுகர்வு ஏறத்தாழ 9 கோடி டன். அதில் 5 சதவிகிதம் 45 லட்சம் டன். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, புதிய எண்ணெயை எரிபொருளாக்க இயலாது. ஆதலால் உணவகங்களில் பலமுறை காய்ந்து கழிந்த எண்ணெய் மீது கவனம் திரும்பியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல், சிதைவுப் பொருள் 25 சதவிகிதத்தைக் கடந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என விதித்து, அதைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. மக்கள் நலமும் எரிபொருளும் ஒருங்கே பயன் பெறும் ஏற்பாடு இது. எனினும் சிறு கடைகளிலிருந்து எண்ணெயைத் திரட்டுவது எளிதன்று.

வண்டி உரிமையாளரைப் பாதிப்பது தரம். கிளிசரினும் மெத்தனாலும் நீரும் முறையாக நீக்கப்படாத சரக்கு, உயிரி டீசல் என்னும் பெயரில் விற்கப்பட்டால், பழுதடைந்த உட்செலுத்திக்கான செலவு உரிமையாளர் தலையில் விழும்; பழி நல்ல எரிபொருளையும் சாரும். சில்லறை விற்பனைக்கு 2019இல் வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டதன் தேவை இதனால் விளங்கும்.

எத்தனை சதவிகிதம் என்று அறிவிப்பதற்கு முன், எத்தனை டன் எண்ணெய், எந்த ஊரிலிருந்து, எந்த விலையில், யார் சோதித்த தரத்தில் என்று கேட்பது நிர்வாகத்தின் கடமை. காட்டாமணக்கு நட்ட உழவர் கைப்பொருளை இழந்து கற்ற பாடம் அது. அக்கேள்விகளுக்கு விடை கிடைத்த அளவிலேயே கலப்பு உயருமாயின், எஞ்சினும் நிலைக்கும், நகரங்களின் காற்றும் தெளியும், உழவரின் நம்பிக்கையும் மீண்டும் ஏமாற்றப்படாது.