சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

(இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற இளைஞர் நல்லொழுக்கக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இடமிருந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் நம் இளைஞர்களே! எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்டார் சைக்கிள் சைலன்ஸர். இதற்கெல்லாமா ஒரு கூட்டம் என்று சிலர் நினைக்கலாம். நம் அலுவலகத்துக்கு மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு வருகிறவர்கள், மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போவது இந்த வண்டிச் சத்தத்தைப் பற்றித்தான். பக்கவாதத்தில் படுத்திருக்கும் வாப்பா இரவில் திடுக்கிட்டு விழிக்கிறார் என்கிறார் ஒரு மகள். கைக்குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்தேன் என்கிறார் ஒரு தாய். தெருக்கோடியில் உள்ள மாற்றுமதச் சகோதரர் ஒருவர், "உங்கள் பிள்ளைகள்தான், நீங்களே சொல்லுங்கள்" என்று மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டுவதற்காக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. கடையில் நின்று உழைத்து, மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டியை ஒரு பிள்ளை நேசிப்பதில் தவறில்லை. அதை அழகாக வைத்துக்கொள்வதும் தவறில்லை. ஆனால் "சைலன்ஸரை மாற்றினால் வண்டி பறக்கும்" என்று சொல்லிக் காசு வாங்குகிறார்களே, அது உண்மையா என்று முதலில் பார்ப்போம்.

நம் தெருவில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதற்குள் 1,500 முறை பெட்ரோல் வெடிக்கிறது. நொடிக்கு 25 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பின் புகையும் அழுத்தத்தோடு பெண்ட் பைப்பில் பாய்கிறது. சைலன்ஸருக்குள் இருக்கும் அறைகளும், ஓட்டைபோட்ட குழாய்களும், தடுப்புத் தகடுகளும் அந்த அழுத்த அலையை உடைத்து அமைதியாக்குகின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு சத்தத்தை உறிஞ்சுகிறது.

சைலன்ஸரின் வேலை சத்தத்தை அடக்குவதோடு முடிவதில்லை. புகை வெளியே பாயும்போது அதன் பின்னால் ஒரு வெற்றிட அலை உண்டாகிறது. அது சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பி வந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போய் புதிய காற்றுக்கு இடம் விடும். அந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான் கம்பெனி குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் முடிவு செய்கிறது. தடுப்பை எல்லாம் எடுத்துவிட்ட வெற்றுக் குழாயில் இந்தக் கணக்கு தவறிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை குறையும். பாலம் ஏறும்போதும் பின்னால் ஆள் உட்காரும்போதும் கியரைக் குறைக்க வேண்டி வருவது இதனால்தான். ஆனால் காதில் விழும் சத்தம், "வண்டி நன்றாக இழுக்கிறது" என்று மனதை நம்ப வைத்துவிடும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பந்தயக் களத்தில் நல்ல முறையில் வடிவமைத்த எக்ஸாஸ்ட்டைப் பொருத்தி, அதற்கேற்ப பெட்ரோல் அளவையும் மாற்றி அமைத்தால், உச்ச வேகத்தில் கொஞ்சம் சக்தி கூடுவது உண்மைதான். அந்த உச்ச வேகத்துக்கு நம் கடைவீதியில் இடமில்லை. பெட்ரோல் அளவைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால், கார்புரேட்டர் வண்டியில் காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்த கலவை உண்டாகும். இன்ஜின் சூடேறும், பட்பட்டென்று பின்வெடி வெடிக்கும். அதைத்தான் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள்.

புல்லட் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டியின் "டப் டப்" சைலன்ஸரை உடைத்ததால் வந்ததில்லை. இன்றைய 350 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக், நிதானமான சுற்று, அதனால்தான் அந்த இடைவெளிவிட்ட ஓசை. வெற்றுக் குழாய் மாட்டினால் அந்த ஓசைதான் முதலில் கெடும்.

1.4.2020 முதல் விற்பனையாகும் பி.எஸ்.6 வண்டிகளின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் அதில் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுப் புகையைத் தணிப்பது அதன் வேலை. "பழைய சைலன்ஸரை இங்கேயே போட்டுவிட்டுப் போ" என்று கடைக்காரர் அன்பாகச் சொன்னால், அதன் விலை அவருக்குத் தெரியும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து சட்டம். 80 முதல் 175 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு உற்பத்தி நிலையில் 77 டெசிபல், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபல் என்று வரம்பு விதித்திருக்கிறார்கள். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. மருத்துவமனை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி மாசு வரம்பை மீறினால், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்ஸர்களின் மேல் போலீசார் ரோடு ரோலரை ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள்.

பெற்றோர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டுக் குற்றம் உறுதியானால், 199ஏ பிரிவின்படி தண்டனை பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோதான். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சவூதியிலும் துபாயிலும் டிரைவர் வேலைக்குப் போகலாம் என்று கனவு காணும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்!

சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு மார்க்கம் இருக்கிறது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் வேண்டும் என்பதும் ஒன்று. குர்ஆனின் 31ஆம் அத்தியாயம் அவர் பெயரிலேயே இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து அதை ஓதிப் பாருங்கள். அண்டை வீட்டார் நம் தொல்லையிலிருந்து அச்சமற்று இருப்பதை ஈமானோடு சேர்த்துச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அண்டை வீட்டார் என்பதில் எல்லா மதத்தாரும் அடக்கம். தராவீஹ் தொழுதுவிட்டு வெளியே வந்து நாம் முறுக்கும் ஆக்ஸிலரேட்டர், உள்ளே தொழுத தொழுகையைப் பற்றி அடுத்த வீட்டாருக்கு என்ன சொல்லும்?

வண்டி நன்றாக ஓட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு வழி உண்டு. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். செயினின் தொய்வைச் சரிசெய்து எண்ணெய் விடுங்கள். டயரில் சரியான அளவு காற்று அடையுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு புதுக் குழாயின் விலை ஆகாது. சத்தம் தானாகக் கூடியிருந்தால், இன்ஜினோடு பைப் சேரும் இடத்தில் கேஸ்கெட் வளையம் போயிருக்கலாம். அல்லது சைலன்ஸரின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். வளையத்தை மாற்றினாலோ பற்ற வைத்தாலோ சரியாகிவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா வளாகத்தில் நம் ஊர் மெக்கானிக் இருவர் கருவிகளோடு இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். கம்பெனி சைலன்ஸரைக் கொண்டு வருகிறவர்களுக்கு அன்றே மாட்டித் தரப்படும். கூலி அறக்கட்டளையைச் சேர்ந்தது. இதற்கு ஜகாத் நிதியைத் தொடவில்லை. பொது நன்கொடையிலிருந்து செய்கிறோம். யாருடைய பெயரையும் எழுதி வைக்க மாட்டோம். யாரையும் கேள்வி கேட்க மாட்டோம். எல்லா மதத்து இளைஞர்களும் வரலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற பிள்ளையை "இப்போதாவது புத்தி வந்ததா" என்று கேட்காதீர்கள். ஸலாம் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அது போதும்.

நம் இளைஞர்களின் உயிருக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பாதுகாப்பும் பரக்கத்தும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.