சொட்டு மருந்து போட்டும் போலியோ வந்ததா? ஆமாம், வேலூரில் வந்தது!

(ஐடி விங் தன்னார்வலர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போலியோ முகாம் தேதி அறிவிச்சதும் நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்த ஆரம்பிக்கும். “சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் போலியோ வந்திருக்கு. அப்புறம் எதுக்குப் போடணும்?” நாமும் “வதந்தியைப் பரப்பாதீங்க” என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரி போதாது. ஏன்னா, அந்த மெசேஜோட முதல் பாதி உண்மை!

1970-களின் வேலூருக்கு வாங்க. சி.எம்.சி. மருத்துவமனையில் வைரஸ் நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். இளம்பிள்ளை வாதம் வந்து, கால் துவண்டுபோன பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தால், மூன்று தவணை சொட்டு மருந்து முடித்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவர் அதை மூடி மறைக்கவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்தார், எண்ணினார், மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக எழுதினார். பணக்கார நாடுகளில் மூன்று தவணை கொடுத்த பாதுகாப்பு, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

ஏன்? சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது குடலில் பற்றிப் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். ஒவ்வொரு தவணையும் எல்லாப் பிள்ளைக்கும் பற்றுவதில்லை. புரிவதற்காக ஒரு கணக்கு: ஒரு தவணை பாதிப் பேருக்குப் பற்றுகிறது என்று வையுங்கள். 100 குழந்தையில் முதல் தவணைக்குப் பிறகு 50 பேர் மிச்சம். அடுத்து 25. மூன்றாவதுக்குப் பிறகும் 12, 13 பேர் பாதுகாப்பு இல்லாமல் நிற்பார்கள். ஐந்தாவதுக்குப் பிறகு 3 பேர்தான். “ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?” என்று கேட்கும் அம்மாவுக்கு இதுதான் பதில்.

வேலூர் அதோடு நிற்கவில்லை. ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்தார்கள். வைரஸ் தாவிப் போக அடுத்த குழந்தை கிடைக்கக் கூடாது, அதுதான் திட்டம். ஊரில் போலியோ கட்டுக்குள் வந்தது. அந்த முடிவு 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 1995-ல் நாடு முழுக்கத் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாமும் இதே வழிதான். நம்ம சுண்டு விரலில் வைத்த மை ஞாபகம் இருக்கா? அதுவும் ஒரு பதிவுதான் தோழர்களே.

2009-ல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். டேட்டாபேஸில் பூஜ்யம் வேறு, காலியான கட்டம் வேறு. தேடிப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதினால் பூஜ்யம். யாருமே தேடவில்லை என்றால் அது வெறும் காலிக் கட்டம். அதனால்தான் இன்றைக்கும் 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் துவண்டால், 14 நாளுக்குள் இரண்டு முறை மலம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பக்கத்து நாடுகளான பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் ஒழியவில்லை. ‘நம்மகிட்டதான் இல்லையே’ என்று அசந்துவிட முடியாது.

அதனால் மூன்று வேலை. அந்த மெசேஜ் வந்தால் திட்டாதீங்க, வேலூர் கதையைச் சொல்லுங்க. உங்க தெருவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி வையுங்க. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களையும் சேர்த்து எண்ணுங்க. முகாம் நாளில் எந்த வீடு விட்டுப்போனதோ, அதை மறைக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்க.

‘நூறு சதவீதம் முடிஞ்சது’ என்று போஸ்டர் போடுவது சுலபம். ‘இன்னும் மூணு வீடு பாக்கி’ என்று சொல்பவர்தான் அந்த மூணு பிள்ளைகளின் காலைக் காப்பாத்துறார்.

படிச்சதும் உங்க குடும்ப குரூப்ல பகிருங்க.