ஒரு காலைப் பொழுதில் உருவான கப்பல்



1818ஆம் ஆண்டில் ஒரு நாள். இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், கடலினின்று வெகு தொலைவிலுள்ள ஃபார்ன்லி மாளிகையில் ஓவியர் டர்னர் விருந்தினராகத் தங்கியிருந்தார். காலை உணவின்போது மாளிகைக்குரியவரான வால்டர் ஃபாக்ஸ் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். போர்க்கப்பல் எத்துணைப் பெரியது என்பதைக் கண்டவுடன் உணர்த்தும் படம் ஒன்று வேண்டும் என்பதே அது. டர்னர் அவருடைய மகன் ஹாக்ஸ்வொர்த்தை உடனழைத்துக்கொண்டு எழுந்தார்.

அருகிலிருந்து கண்ட அவ்விளைஞர் கூறிய செய்தி வியப்புக்குரியது. டர்னர் தாள் நனைந்து ஊறுமளவும் வண்ணநீரைக் கொட்டினார். பிறகு வெறி கொண்டவர்போல் தேய்த்தார், சுரண்டினார். முதலில் எல்லாம் குழப்பமாகவே தோன்றியது. சிறிது சிறிதாகக் கப்பல் உருப்பெற்றது. நண்பகல் உணவுக்குள் படம் முடிந்துவிட்டது.

சுரண்டியது ஏன்? நீர்வண்ண ஓவியத்தில் தாளின் வெண்மையே ஒளியாகும். வண்ணத்தைச் சுரண்டினால் அவ்வெண்மை மீண்டும் வெளிப்பட்டு, அலைநுரையாகத் திகழும்.

தாளின் நீளமோ ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். முதல் தரப் போர்க்கப்பலோ மூன்று பீரங்கித் தளங்களும், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட பீரங்கிகளும் கொண்டது. அதனை இச்சிறு தாளில் அடக்குவது எங்ஙனம்? டர்னர் அடக்க முயலவே இல்லை. கப்பலின் ஒரு பகுதியே தெரிகிறது; எஞ்சியது தாளுக்கு அப்பால் இருப்பதாக நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. பக்கத்தில் பொருள்களை ஏற்ற வந்த சிறு கலங்கள் அலையில் தத்தளிக்கின்றன. யானையின் உயரத்தை அதன் காலடியில் நிற்கும் பாகன் காட்டுவதுபோல, இக்கலங்களே பெருங்கப்பலின் அளவைக் காட்டிவிடுகின்றன.

இத்தனைக்கும் அவர் எதிரே கப்பலும் இல்லை, கடலும் இல்லை. எல்லாம் நினைவிலிருந்தே எழுந்தன. அந்நினைவு ஒரே நாளில் சேர்ந்ததன்று. முடிதிருத்துவோர் ஒருவரின் மகனான அவர், 1789இல் தம் பதினான்காம் வயதில் இராயல் அகாடமியின் கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1805இல் டிரஃபால்கர் போருக்குப் பின் திரும்பிவந்த 'விக்டரி' கப்பலில் ஏறி, அதன் உறுப்புகளைக் குறித்துக்கொண்டார். செல்லுமிடமெல்லாம் குறிப்பேட்டில் வரைந்துவந்தார்.

பெட்ஃபோர்டு நகரின் ஹிக்கின்ஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த இவ்வோவியத்தின் படியை நீங்கள் காண நேர்ந்தால், அந்த ஒரு காலையை மட்டும் எண்ணாதீர்கள். அதற்கு முந்திய இருபத்தொன்பது ஆண்டுகளையும் எண்ணுங்கள். விரைந்து முடிக்கும் கையைக் கண்டு வியக்கும் நாம், அதற்கு முன் பொறுமையோடு நோக்கிய கண்ணை மறந்துவிடலாகாது.