தீவின் புதையல்



இத்தாலியில் பலெர்மோ நகரம். நம் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர். அதற்கு வடக்கே, நடுக்கடலில் உஸ்திகா என்றொரு சின்னத் தீவு. எரிமலை கக்கிய கருங்கல் தீவு.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மதில் எழுப்பி மக்கள் வாழ்ந்தார்கள். பிறகு கடற்கொள்ளையர் தொல்லை. தீவு ஆளில்லாமல் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் லிப்பாரித் தீவிலிருந்து மறுபடியும் குடியேறினார்கள். 1926இல் முசோலினி அரசு, கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷியை அங்கேதான் கொண்டுபோய் அடைத்தது. 'அந்தத் தீவில் என்ன இருக்கிறது? தப்பித்துப் போக வழியில்லை, அது போதும்' என்பதுதான் அரசின் கணக்கு.

என்னதான் இருக்கிறது? தங்கம் இல்லை. எண்ணெய் இல்லை. மண் இருக்கிறது. கடல் இருக்கிறது.

அந்த எரிமலை மண்ணில் ஒரு பருப்பு விளைகிறது. நம் வீட்டு மைசூர்ப் பருப்பு, தோலோடு இருந்தால் எப்படியிருக்கும்? அதே இனம்தான். இன்னும் பொடியாக, கருத்து இருக்கும். ஊறவைக்கவே வேண்டாம், அப்படியே வேகும். இத்தாலி முழுக்க அதற்குப் பேர்.

சுற்றிலும் கடல். 1986இல் அதைக் காப்பகமாக அறிவித்தார்கள். கரையோரம் ஒரு பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது, படகும் போகக் கூடாது. இன்று பெரிய பெரிய களவா மீன்களைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

தோண்டி எடுத்தால் தீர்ந்துபோகும் செல்வம் உண்டு. காத்து வைத்தால் பெருகும் செல்வமும் உண்டு. மண்ணும் கடலும் இரண்டாவது வகை. நம் ஊரிலும் அப்படித்தான். காப்போம்.