ஊதியப் பூசலும் உடன்பாட்டு மேசையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் கூலித் தகராற்றைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பெங்களூருக்கு நம்மில் பலருடைய முன்னோரை அழைத்து வந்தது ஆலைச் சங்கொலியே அன்றோ! ஆதலின் சம்பளத்தை முன்னிட்டு எழும் பூசல் எவ்வாறு தீரும் என்பது நம் அடுப்பங்கரையைத் தொடும் கேள்வியாகும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளருக்காகப் பேச உரிமை பெற்றவரும், பணத்தைக் குறித்து முடிவு செய்ய வல்லவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர வேண்டும். அஃது அமையாவிடில் பூசல் நீளும். அமைந்தால் வழி பிறக்கும்.

1918-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம். அகமதாபாத்தில் கொள்ளைநோய்க் காலத்தில் கொடுத்துவந்த மிகையூதியத்தை ஆலை முதலாளிகள் நிறுத்தினர். விலைவாசியோ இறங்கவில்லை. காந்தியடிகள் கணக்குப் பார்த்து, நூற்றுக்கு 35 வீத உயர்வு நியாயம் என்றார். முதலாளிகள் 20 என்றனர். பிப்ரவரி 22-இல் கதவடைப்புத் தொடங்கியது. முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த அனசூயா அம்மையார்! மார்ச்சு 15-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18-இல் உடன்பாடு பிறந்தது. முதல் நாள் 35, மறுநாள் 20, பின்னர் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டிற்கும் இடைப்பட்ட இருபத்தேழரை என்று வகுத்தனர். இரு தரப்பும் ஏற்ற நடுவராகிய ஆனந்தசங்கர் துருவர் இறுதியில் 35 வீதமே தக்கது என்று தீர்ப்பளித்தார். முடிவு செய்ய வல்லவர்கள் நேருக்கு நேர் இருந்தமையால், இருவர் மானமும் காக்கும் வழி கிட்டியது.

அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவராயிருந்தார், திரு.வி.க. துணை நின்றார். பின்னி நிறுவனமோ அச்சங்கத்தைப் பேசும் தரப்பாக ஏற்க மறுத்தது. வாடியாவின்மீது வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. தொழிலாளரின் நாற்காலியே மேசையினின்று அகற்றப்பட்டது. சங்கப் பணிக்காகத் தலைவர்களை வழக்கில் இழுக்கும் இன்னலுக்கு 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே காப்பளித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1980 டிசம்பர் இறுதியில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். ஆகிய ஐந்து பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். திருச்சியிலும் ஆலை உடைய பாரத மிகுமின் நிறுவனத்தார் பெற்ற ஊதியத்திற்கு நிகராகத் தமக்கும் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. 77 நாள் நடந்த அப்போராட்டம் 1981 மார்ச்சில் முடிந்தது. கேட்ட சமநிலை கிட்டவில்லை. 77 நாள் என்றால் இரண்டரை மாதச் சம்பளம்! மளிகைக் கடைப் பற்றும், பள்ளிக் கட்டணமும், அடகுக் கடை வட்டியும் அந்நாட்களில் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்பதை இல்லத்தரசியர் நன்கறிவர்.

தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். யான் முதன்மையாகக் கருதுவது ஒன்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கோ பூசாரி இசைந்தாலும் சாமி இசைய வேண்டியிருந்தது. அந்தச் சாமி டில்லியில் இருந்தது. ஊதிய உயர்வின் எல்லையை வகுத்தது மைய அரசு. ஆலையின் மேலாளர் எத்துணை நல்லவராயினும், தம் கையில் இல்லாத சாவியைக் கொண்டு பெட்டியைத் திறக்க இயலுமா?

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. 2020 டிசம்பர் 12-இல் அண்டையிலுள்ள கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், ஐபோன் செய்யும் விஸ்ட்ரான் ஆலையில் ஊதியத்தின் பொருட்டுக் கலவரம் மூண்டது. அங்கிருந்தோரில் மிகப் பலர் ஆள் வழங்கும் நிறுவனங்கள் வாயிலாக அமர்த்தப்பட்டவர்கள். சம்பளம் சிலருக்குச் சரியாகவும் காலத்திலும் வழங்கப்படவில்லை என்று விஸ்ட்ரான் பின்னர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. பொருளை உடைத்தது தவறே, அதில் ஐயமில்லை. ஆயினும் வேலை வாங்குபவர் ஒருவர், கூலி கொடுப்பவர் வேறொருவர் என்றானபின், எளியவன் எந்தக் கதவைத் தட்டுவான்? மேசை இல்லாத இடத்தில் சினமே பேசிற்று.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று எனக் கொள்கிறேன். முதலாவது, பேச்சுத் தொடங்குமுன், “கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு?” என்று எழுத்தில் கேட்க வேண்டும். சங்கமும் தன் உறுப்பினரின் இசைவை முன்னரே பெற்றிருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு, நூற்றுக்கு 51 தொழிலாளரின் ஆதரவுடைய சங்கத்தைத் தனிப் பேச்சுச் சங்கமாக ஏற்கிறது. எதிர் நாற்காலியில் அமர்பவர் யாவர் என்பதைச் சங்கமே விழிப்புடன் வினவ வேண்டும்.

இரண்டாவது, விலைவாசிக் குறியீடு, பஞ்சப்படி, நிறுவனத்தின் வரவு செலவு ஆகிய எண்களில் இரு தரப்பும் முதலில் ஒன்றுபட வேண்டும். எண்ணில் ஒன்றுபட்டால் எஞ்சும் வேற்றுமை சிறிதாகும்.

மூன்றாவது, சமரச அலுவலர் இணக்க முயலலாம். தீர்ப்புக் கூற அவருக்கு அதிகாரம் இல்லை. எனவே பேச்சு முறிந்தால் யார் நடுவர், எத்தனை நாளில் தீர்ப்பு, அதுவரை இடைக்காலத் தொகை எவ்வளவு என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த இருபத்தேழரை வீதம் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே. தீர்ப்பு வரும்வரை அடுப்பு அணையலாகாது.

அன்பர்களே! வேலைநிறுத்தம் தொழிலாளரின் உரிமை. அதனைக் கையில் எடுக்குமுன், சாவி யார் கையில் உளது என்று அறிவது நம் கடமை. இம்மன்றத்து இளைஞர்கள் சங்கத்தில் அமர்ந்தாலும் அலுவலக அறையில் அமர்ந்தாலும், அக்கேள்வியை முதலிற் கேட்பாராக!