நரம்பெடுத்த பல்லும் நாட்சம்பளமும்

(நாலந்தாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாங்கள் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பேச்சு முடிவதற்குள் சம்பளமும் அதில் வந்துவிடும்.

பல் வலி என்றால் நமது லயங்களில் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பிடுங்கிப் போடுவது. ஒரு நாளோடு காரியம் முடிந்தது, மறுநாள் பிரட்டுக்கு நிற்கலாம். இப்போது சிலர், முக்கியமாக இளைய பிள்ளைகள், பல்லைப் பிடுங்காமல் நரம்பெடுத்து வருகிறார்கள். இதைத்தான் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை, ரூட் கெனல் என்கிறார்கள். நல்ல காரியம். சொந்தப் பல்லைப் போல வேறு பல் கிடையாது. ஆனால் பிடுங்குவதைப் போல இது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. வைத்தியரின் கதிரையில் நடப்பது பாதி. வீட்டுக்கு வந்த பிறகு நாம் நடந்துகொள்வது மீதி.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். பல்லுக்கு நடுவில் மெல்லிய சதை இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாயும் அதற்குள்தான். சொத்தை அதுவரை இறங்கினால் இரவெல்லாம் தூக்கமில்லை. அந்தச் சதையை எடுத்து, வேருக்குள் ஓடும் குழாய்களை ஊசி போன்ற அரத்தால் சுரண்டிக் கழுவி, மருந்து வைத்து மூடுவார்கள். பிறகு குழாயை நிரந்தரமாக நிரப்புவார்கள். எதனால் தெரியுமா? ரப்பர் பால் வெட்டும் தோழர்கள் கேளுங்கள்: அதுவும் ஒரு மரப்பால்தான். மலாயாப் பக்கத்து மரம், நமது இலுப்பையின் குடும்பம். குட்டாபர்ச்சா என்று பெயர். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட காலத்தில் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான்.

முன்பல்லுக்கு ஒரே வேர் என்பதால் ஒரே தடவையில் முடிந்துவிடக் கூடும். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, நான்கு குழாய்கள் இருக்கும். இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும். இடைப்பட்ட நாட்களுக்குத் தற்காலிக அடைப்பு ஒன்று வைத்து அனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் சில மணித்தியாலம் வாய் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் சுடச்சுடத் தேத்தண்ணீர் குடித்தால் வெந்தாலும் தெரியாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. விறைப்புப் போகும் வரை சாப்பாடு வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள்.

விறைப்பு போனதும் வலி வரும். கடித்தால் நோகும், தொட்டால் நோகும். இரண்டு நாள், நான்கு நாள் இருக்கலாம், நாளுக்கு நாள் குறைய வேண்டும். அதுதான் கணக்கு. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பெனடோல் இரண்டு வில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் சாராயம் குடிப்பவர்களும் அதற்கும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், கேட்டு எடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இழுப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டெங்கு நடமாடும் காலத்தில் காய்ச்சலோடு அவற்றை விழுங்குவது உயிருக்கே ஆபத்து. கிருமிக்கொல்லி மருந்து தந்திருந்தால் சொன்ன நாள் வரை முடியுங்கள். பக்கத்துக் காம்பராவில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள்.

மாத்தளைக்காரர்களிடம் கராம்பைப் பற்றிப் பேசாமல் போக முடியுமா? கராம்பெண்ணெயைப் பல் வைத்தியர்களும் பாவிக்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் நரம்பெடுத்த பல்லுக்குள் வலிக்க நரம்பே இல்லை. நோவது வேரைச் சுற்றிய இடம். அங்கே கராம்பு எட்டாது. ஈறில் வைத்து அமுக்கினால் ஈறுதான் வேகும். சாராயம் ஊற்றிக் கொப்பளிப்பதும் அப்படித்தான், அது வேறு காரணத்துக்காகச் செய்யப்படுகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அது போதும்.

பயப்பட வேண்டிய நேரமும் உண்டு. கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். முதல் தடவை மருந்து வைத்ததும் வலி நின்றுவிடும். வலி நின்றதும் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? "இனி எதுக்கு அலையணும்?" இங்கேதான் பல் போகிறது. தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும். மேலே கொஞ்சம் தேய்ந்தால் பாதகமில்லை. உடைந்து விழுந்தாலோ எச்சில் உள்ளே போகும், எச்சிலோடு கிருமியும் போகும். இறைத்துச் சுத்தம் செய்த கிணற்றைத் திறந்து போட்ட கதைதான். நரம்பு இல்லாததால் பல் சத்தமும் போடாது. சில மாதம் கழித்து ஈறில் சீழ்க்கொப்புளம் எழும்பும்போது, பிடுங்குவதைத் தவிர வழி இல்லாமல் போகலாம்.

ஏன் திரும்பப் போவதில்லை? சோம்பல் என்று சொல்பவர்கள் நாலந்தாவில் பஸ் ஏறிப் பார்க்கட்டும். மாத்தளைக்கு ஒரு பஸ், பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பினால் கண்டி வரை இன்னொன்று, அங்கிருந்து வேறொன்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமில்லை, உண்மை. பஸ்ஸுக்கு? அன்றைய பேருக்கு? 2024 வர்த்தமானியில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. மூன்று தடவை போனால் மூன்று நாள் சம்பளம் போச்சு. பல்லுக்கு விலை இதுதான்.

அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை தடவை வர வேண்டும்? அடுத்தது எப்போது? வேலையில்லாத நாளில் திகதி கிடைக்குமா? திகதி எழுதிய கிளினிக் துண்டை முன்கூட்டியே தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். நிர்வாகத்தோடு பேச வேண்டியது எங்கள் வேலை. துண்டு கையில் இல்லாமல் பேச்சு எடுபடாது.

கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஒன்று பாக்கி. நரம்பெடுத்த பல்லில் சொத்தையும் துளையும் போக மிஞ்சிய சுவர் மெல்லியது, அது பிளந்துவிடும். அதனால்தான் மேலே உறை, கேப், போடச் சொல்வார்கள். அதற்குச் செலவு உண்டா, எங்கே போடலாம் என்று முதல் நாளே விசாரியுங்கள். உறை போடும்வரை அந்தப் பக்கத்தால் மெல்ல வேண்டாம். பாக்கு கடிக்கவே வேண்டாம். அக்காமார் சிரிக்கிறீர்கள். பாக்கு பல்லைப் பிளப்பது மட்டுமில்லை, வெற்றிலைக் கூட்டு வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். பல்லுக்காக ஒரு மாதம் நிறுத்துபவர்கள் அப்படியே விட்டுவிட்டால் இரட்டை லாபம்.

அந்தப் பல்லையும் தினம் இரண்டு வேளை துலக்க வேண்டும். நோகிறது என்று விட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் நரம்பெடுத்த பல்லும் ஆடி விழும். இதில் நமக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேப் பேராசிரியரின் குழு நமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத மனிதருக்கு ஈறு நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 100க்கு 8 பேருக்கு வேகமாக முற்றியது, 81 பேருக்கு மெதுவாக, 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. 2010இல் மறுபடி வந்து 75 பேரைப் பரிசோதித்தார்கள். உலகம் முழுவதும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். நமது அப்பா, தாத்தாமாரின் வாய் பாடப் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நமது தோட்டங்களுக்குப் பல் வைத்தியர் வந்து சேரவில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுக்குச் சொத்தைப் பல் இல்லை என்றே சொல்லலாம். இன்றைக்கு நமது பிள்ளைகளின் வாயைத் திறந்து பாருங்கள். சீனி போட்ட தேத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தே வளர்க்கிறோம்.

தற்காலிக அடைப்போடு இப்போது இங்கே யார் யார் இருக்கிறீர்கள்? கூட்டம் கலைவதற்கு முன் பெயரையும் அடுத்த திகதியையும் மாதர் சங்கத் தலைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரே நாளில் நான்கைந்து பேர் போவதாக இருந்தால் வாகனத்துக்கு நாங்கள் கேட்டுப் பார்க்கிறோம்.